செம்புத் தகட்டில் வனவாசிகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோயில்வரை நடந்துபோய் வருகிறார் என்று படித்ததும் நிம்மதி. பட்டறைக்குப் புது அச்சு பிரஸ் வந்துவிட்டது, எட்டுப் பிள்ளைகள், மூன்று மாதம், ‘தனித்திருந்து வேண்டுதல்’ என்பதே எல்லோருக்கும் பொருள் என்று எழுதியிருந்தாய். கூடவே இரண்டு கேள்விகள். பரோக் காலத்து, அதாவது பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டின், செதுக்காளர்கள் தனித்திருந்து வேண்டும் தவசிகளைச் செம்புத் தகட்டில் வெட்டி, வெட்டிய பள்ளத்தில் மை ஏற்றித் தாளில் எப்படிக் கொண்டுவந்தார்கள்? பிள்ளைகளை எதிலிருந்து தொடங்கவைப்பது?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பிரெஞ்சுச் செதுக்காளர் கிளோட் மெல்லானிடமிருந்து தொடங்கு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டிடமிருந்து தொடங்காதே. ரெம்பிராண்ட்டின் இருட்டு எல்லாருக்கும் பிடிக்கும். பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் இருட்டைப் பூசிப் பழகிய கைக்கு வெள்ளையை விட்டுவைக்கத் தெரியாது. இந்தப் படங்களில் தனிமை இருப்பதே அந்த வெட்டப்படாத வெள்ளையில்தான்.

கொஞ்சம் பின்னணி. கத்தோலிக்கத் திருச்சபையின் பெருங்கூட்டமான டிரெண்ட் சங்கம் 1563-இல் முடிந்தபோது, திருவுருவங்கள் பற்றிய ஆணை ஒன்றையும் போட்டுவிட்டுத்தான் கலைந்தது. பாவசங்கீர்த்தனமும் தவமும் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் கேள்வி கேட்ட விஷயங்கள். அதனால் கத்தோலிக்க நாடுகளில் அழுகிற இராயப்பர் (பேதுரு), குகைக்குள் மகதலா மரியா, கல்லால் மார்பில் அடித்துக்கொள்ளும் ஜெரோம் என்று வருந்தித் தவம் செய்பவர்களுக்கே ஓவியத்தில் முதலிடம் கிடைத்தது. அச்சில் இதற்கு வழிபோட்டவர்கள் சாடலர் சகோதரர்கள். ஆன்ட்வெர்ப் ஓவியர் மார்ட்டன் டி வோஸ் வரைந்து கொடுத்த வனவாசிகளை யான் சாடலரும் ரஃபாயெல் சாடலரும் தொடர் தொடராகச் செதுக்கினார்கள். அவற்றில் இரண்டு தொடர்கள் 1598-லும் 1600-லும் வெனிஸில் வெளிவந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தவசி, அவரைச் சுற்றி ஒரு காடு, கீழே லத்தீன் பாட்டு. சாடலர் படங்கள் நம் பக்கமும் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்து மொகலாய ஓவியர்கள் வரைந்த ஏடுகள் இருக்கின்றன. ஆனால் சாடலர் காடு எனக்கு நெரிசலாகத் தெரிகிறது. ஒரே தகட்டில் பாறை, ஓடை, பாலம், மான், தூரத்து ஊர் எல்லாம் இருக்கும். தவசியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மெல்லான் 1598-இல் அபெவில் என்ற ஊரில் பிறந்தவர். 1624-இல் ரோமுக்குப் போய், 1636-இல் பாரிஸ் திரும்பி, 1688-இல் இறந்தார். ரோமில் இருந்தபோதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கோட்டின்மேல் கோடு போட்டுக் குறுக்கு வலை பின்னுவதில்லை, இணைகோடு ஒரே வரிசைதான். நிழல் வேண்டிய இடத்தில் அதே கோடு தடிக்கும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் இளைக்கும், இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் அறுந்துபோகும். பாலைவனத்தில் திருமுழுக்கு யோவான் என்று 1629-இல் அவர் செதுக்கியது இந்த முறையில்தான். அசிசி பிரான்சிஸ், புனித புரூனோ, மகதலா மரியா என்று அவர் செதுக்கிய தவசிகள் வரிசையாக இருக்கிறார்கள். சதை, துணி, பாறை மூன்றும் ஒரே வகைக் கோட்டால் ஆனவை. கோடு போகும் திசை ஒன்றுதான் வேறுபாடு. கறுப்புத் திட்டு எங்கும் இல்லாததால் படம் முழுக்கக் காற்று இருக்கும்.

இதன் உச்சம் 1649-இல் வந்த திருமுகம். சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தை வெரோணிக்கா துடைத்த அந்தத் துணிதான். ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் உயரம், 32 சென்டிமீட்டர் அகலம். மூக்கு நுனியில் ஒரு கோடு தொடங்குகிறது. சுழன்று சுழன்று தகட்டின் ஓரம்வரை போகிறது. கண், தாடி, முள்முடி, இரத்தத்துளி, துணியின் மடிப்பு எல்லாம் அந்தக் கோடு தடிப்பதாலும் இளைப்பதாலும் வருபவை. கோடு எங்கும் தன்னைத் தானே வெட்டிக்கொள்வதில்லை. அடியில் லத்தீனில் ‘ஃபோர்மாத்தூர் ஊனிக்குஸ் ஊனா’ என்றும், அதன் கீழே ‘நோன் ஆல்த்தெர்’ என்றும் இருக்கும். ஒருவரான அவர் ஒன்றாலேயே உருவாகிறார், வேறொருவர் இல்லை என்று பொருள். ஒரே பேறான மகன், ஒரே கோடு. இதை வெறும் கைத்திறன் வித்தை என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கோட்டை மையத்திலிருந்து கண்ணால் பின்தொடர்ந்து போனால், பத்துச் சுற்றுக்குள் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளை அப்படிப் பார்க்கவைத்த பிறகு தகட்டைக் கொடு.

ஒரு எச்சரிக்கை. கைபேசியில் இந்தப் படத்தைச் சுருக்கிப் பார்த்தால் இல்லாத வளையங்கள் தெரியும். திரையின் புள்ளி வரிசையும் சுழல் வரிசையும் மோதுவதால் வருவது அது. முழு அளவுக்குப் பெரிதாக்கி, துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொய் வளையங்களை மெல்லானின் தொனி என்று நினைத்துப் பிள்ளைகள் வரைந்துவைப்பார்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் தகடு 10-க்கு 15 சென்டிமீட்டர் போதும். செம்பு, 1.2 அல்லது 1.5 மில்லிமீட்டர் கனம். நான்கு ஓரங்களையும் அரத்தால் 45 பாகையில் சரித்துவிடு. சரிக்காத தகடு தாளைக் கிழிக்கும், பிரஸ்ஸின் கம்பளியையும் வெட்டும். 400-இல் தொடங்கி 600, 1000, 1200 என்று நீர்த்தாளில் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில்) தேய்த்துக் கடைசியில் மெருகுப் பசை. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றித் தேய்க்கச் சொல். முந்தைய தாளின் கீறல் முழுவதும் போன பிறகுதான் அடுத்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட அச்சில் மயிரிழைக் கோடாக விழும். ரெம்பிராண்ட் தகட்டில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், மெல்லான் தகட்டில் முடியாது.

பியூரினைப் (தகட்டைச் செதுக்கும் உளியைப்) பொறுத்தவரை நாற்சதுரக் கம்பி ஒன்று, சாய்சதுரக் கம்பி ஒன்று, ஆளுக்கு இரண்டு இருந்தால் நல்லது. சாணை பிடிப்பதில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். முதலில் அடிப்பக்கத்து இரண்டு முகங்களையும் எண்ணெய்க் கல்லில் படிய வைத்துத் தட்டையாக்க வேண்டும். நுனிக்குப் பக்கத்தில் அடிப்பக்கம் மிகச் சிறிதளவு மேலே ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டின கோட்டிலிருந்து உளி வெளியே வராது. அதன் பிறகு மேல்முகத்தை ஏறத்தாழ 45 பாகையில் தேய்க்க வேண்டும். சோதனை எளிது. கட்டைவிரல் நகத்தில் நுனியை அழுத்தாமல் சாய்த்து வை. பிடித்துக்கொண்டால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மறுபடி கல்லுக்கு. நுனி அடிக்கடி உடைந்தால் முகத்தை அளவுக்கு மீறிச் சாய்த்துத் தேய்த்திருப்பார்கள். உடையாமல் மடங்கினால் மின்சாணையில் சூடேறி எஃகின் தோய்ச்சல், அதாவது கடினம், போயிருக்கும். கருநீலம் ஏறிய நுனியை ஒடித்துவிட்டுப் புதிதாகத்தான் பிடிக்க வேண்டும்.

கைப்பிடியின் காளான் தலை உள்ளங்கையில், ஆள்காட்டி விரல் கம்பியின்மேல், உளி தகட்டோடு ஏறக்குறையப் படுத்திருக்க வேண்டும். தள்ளுவது உள்ளங்கை, விரல் வழிகாட்டுவதோடு சரி. தகட்டுக்கு அடியில் மணல் நிரப்பிய தோல் மூட்டை. வளைவு வரும்போது உளிக்கையைத் திருப்பக் கூடாது, இடக்கை தகட்டைத் திருப்ப வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். எழுத்தாணி ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க, ஓலைதான் நகர்ந்துகொடுக்கும். பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் பாதி விளங்கிவிடும்.

கோட்டின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. 90 பாகை உளி வெட்டினால் அகலம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு. 60 பாகை உளியில் ஆழத்தைவிடச் சற்றே அதிகம், 1.15 மடங்கு. அதனால் தடித்து இளைக்கும் கோட்டுக்கு நாற்சதுரம்தான் ஏற்றது. சிறிதளவு அழுத்தம் கூடினாலே அகலம் கண்ணுக்குத் தெரியும். கோட்டுக்குக் கோடு 0.8 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள். 0.1 அகலம் வெளிச்சம், 0.3 நடுத்தொனி, 0.5 இருட்டு. 0.5-ஐத் தாண்ட விடாதே. இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் நிற்கும் செம்புச் சுவர் மெலிந்துபோனால், மை துடைக்கும்போது அங்கே பிடிப்பு இல்லாமல் மை வழிந்து, கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் திட்டு விழும். 0.5 அகலத்துக்குக் கால் மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். ஒரே தள்ளில் அதை வெட்டப் பார்த்தால் உளி தகட்டுக்குள் புதைந்து நின்றுவிடும், அல்லது நுனி போகும். முதல் ஓட்டத்தில் மெல்லிய கோடு, இரண்டாவது மூன்றாவது ஓட்டங்களில் தடிப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இருபுறமும் எழுந்த பிசிரைச் சுரண்டியால் படுக்கைவாட்டில் எடுத்துவிட வேண்டும். விரல் நுனியால் தடவினால் எதுவும் தட்டுப்படக் கூடாது.

சுழல் தகடு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்று விஷயம். கணினியில் சமஇடைவெளிச் சுழலை அச்சடித்து, இடவலம் மாற்றித் தகட்டில் படியெடுத்துக்கொள்ளட்டும். கைக்கணக்கில் போட்டால் இருபதாவது சுற்றில் இடைவெளி கோணும். மையத்தில் வளைவு அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் அங்கே உளி திரும்பாது. முதல் இரண்டு மூன்று சுற்றுகளைச் சின்னச் சின்னக் கொத்தல்களாகச் சேர்த்துக்கொண்டு போய், பிறகு தள்ளத் தொடங்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். யாராலும் முழுச் சுழலை நிறுத்தாமல் வெட்ட முடியாது. நிறுத்தி மறுபடி தொடங்கும் இடங்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக அமைந்தால், மையத்திலிருந்து ஓரம்வரை ஒரு தையல் தெரியும். அவற்றைச் சிதறவிடு. முடிந்தவரை தடித்த பகுதிக்குள் வை, முடிவும் தொடக்கமும் கூராக ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும்.

உளி வழுக்கித் தகட்டின் குறுக்கே ஓடிவிட்டால் பயப்பட வேண்டாம். ஆழமில்லாத கீறலை மெருகுக்கோலால் எண்ணெய் விட்டு அழுத்தினாலே மூடும். ஆழமானதைச் சுரண்டி எடுத்து, பள்ளமான இடத்தைத் தகட்டின் பின்பக்கத்திலிருந்து தட்டி மேலே கொண்டுவந்து, மறுபடி மெருகேற்ற வேண்டும். பின்பக்கத்தில் சரியான இடத்தைக் காண்பதற்கு இருமுனை வளைந்த காலிப்பர் வேண்டும். கண்ணளவில் தட்டினால் பக்கத்துக் கோடுகள் சப்பளிந்துபோகும்.

எட்சிங் பற்றியும், அதாவது தகட்டை வார்னிஷால் மூடி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கவிடும் முறை பற்றியும், சுருக்கமாகச் சொல்கிறேன். நான்சியைச் சேர்ந்த ஜாக் கலோ, இத்தாலியில் இருந்தபோது கற்ற கெட்டி வார்னிஷ், மஸ்டிக் பிசினும் ஆளி விதை எண்ணெயும் சேர்ந்தது. அமிலம் ஓரத்தில் கசியாது, கோடு சுத்தமாக அரிக்கும். ஊசியின் நுனியைச் சாய்வாகத் தேய்த்து முட்டை வடிவ முகம் கொடுத்து, விரலிடுக்கில் உருட்டினால் பியூரின் கோட்டைப் போலவே தடித்து இளைக்கும். ஆப்ரகாம் போஸ் 1645-இல் எழுதிய கையேடு இந்த முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. வனத்து அந்தோணியாரின் சோதனையைக் கலோ 1635-இல் இரண்டாம் முறை செய்தபோது, வானம் நிறையப் பேய்க்கூட்டம், தவசி ஓரத்தில் ஒரு சிறு உருவம். தூரத்தில் இருப்பவற்றை முதலில் குறைவாக அரிக்கவிட்டு, மூடிவிட்டு, முன்னால் இருப்பவற்றைத் திரும்பத் திரும்ப அரிக்கவிடுவதால்தான் அந்த ஆழம் வருகிறது. நேப்பிள்ஸில் ஓவியர் ரிபெரா 1621-இல் செய்த ஜெரோமையும் பிள்ளைகளுக்குக் காட்டு. கடைசித் தீர்ப்பின் எக்காளம் கேட்டு அந்தக் கிழவர் திடுக்கிடும்போது கழுத்து நரம்பும் தொங்கும் தோலும் சின்னச் சின்னக் கொக்கிக் கோடுகளால் வந்திருக்கும். வயதான உடம்பை இவ்வளவு மரியாதையோடு ஊசியால் தொட்டவர்கள் குறைவு.

ரெம்பிராண்ட்டை இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள். அவர் 1642-இல் செய்த இருட்டறை ஜெரோமில் ஒரே ஒரு சன்னல், ஒரு சுழற்படி, மேசையில் கிழவர். மற்றதெல்லாம் கோடுகளை அடுக்கி அடுக்கி வந்த இருட்டு. முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகினால்தான் படி தெரியும், பிறகு ஆள் தெரிவார். ஆனால் எனக்கு மனசு நிற்பது 1648-இன் படத்தில்தான். தலை வெட்டப்பட்ட வில்லோ மரம் ஒன்று பட்டை பட்டையாக, பொந்து பொந்தாக நடுவில் நிற்கிறது. முழுக் கவனமும் மரத்தின்மேல். அதன் பக்கத்தில் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் ஜெரோம் நாலைந்து மெல்லிய கோடுகள்தான், மூக்கில் கண்ணாடிகூட உண்டு. மரத்துக்குப் பின்னால் சிங்கம் எட்டிப் பார்க்கிறது. தவசியை வெட்டாமல் விட்டதால் அவர் மறைந்துபோகவில்லை, வெயிலில் இருக்கிறார். மெல்லானிடம் கற்ற பிள்ளைக்கு இது உடனே புரியும்.

ரெம்பிராண்ட்டின் 1657-இன் பிரான்சிஸ் படம் முதல் நிலையில் முழுக்க டிரைபாயின்ட், அதாவது அமிலம் இல்லாமல் ஊசியால் நேரே செம்பைக் கீறியது. எட்சிங் பிறகுதான் சேர்ந்தது, வழக்கத்துக்கு நேர்மாறு. டிரைபாயின்ட்டில் பிசிரைச் சுரண்டக் கூடாது, அந்தப் பிசிர் பிடிக்கும் மைதான் வெல்வெட் கறுப்பைத் தருகிறது. பிரஸ்ஸுக்குள் போகப் போக அது நசுங்கும். நல்ல அச்சு சில பத்துக்கு மேல் வராது. எட்சிங் சில நூறு தாங்கும், பியூரின் தகடு அதைவிட அதிகம். எட்டுப் பிள்ளைகளும் ஆளுக்குப் பத்து அச்சு கேட்பார்கள், ஆகவே டிரைபாயின்ட்டில் சோதனை அச்சுகளை அளவாக எடுக்கச் சொல்.

பெண்கள் செய்த வேலையைக் காட்ட வேண்டுமென்றால் லூயிஸ் மக்தலேன் ஓர்த்தமெல்ஸ் இருக்கிறார். பாரிஸுக்கு வெளியே இருந்த போர்-ராயல் மடத்தைச் செதுக்கியவர். 1709-இல் கன்னியரை வெளியேற்றி, அடுத்து மடத்தையே இடித்தான் பதினான்காம் லூயி. கன்னியர் காட்டுக்குள் வட்டமாக உட்கார்ந்து கைவேலை செய்துகொண்டு பேசும் படம் ஒன்று அவர் செதுக்கியவற்றில் உண்டு. செதுக்கல் சாதாரணம்தான், கோடு சற்று விறைப்பு. ஆனால் இடிந்துபோன ஓரிடத்தின் ஒழுங்கு முழுவதும் அதில் பத்திரமாக இருக்கிறது. புரூனோ தொடங்கிய துறவிகள் சபையான கர்த்தூசியர் பக்கம் போனால், ஓவியர் லெ சுயர் 1645-க்கும் 1648-க்கும் இடையில் பாரிஸ் மடத்துக்கு வரைந்த புரூனோ வரலாறு, மொத்தம் 22 ஓவியங்கள். பிரான்சுவா ஷோவோ அவற்றைச் செம்புக்குக் கொண்டுவந்தார்.

அச்செடுப்பில் ஒரு வித்தியாசம் மட்டும் பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டும். ரெம்பிராண்ட் தகட்டில் துடைக்கும்போது மெல்லிய மைப்படலம் விட்டுவைக்கலாம், அவரே விட்டவர். மெல்லான் தகட்டில் அந்தப் படலம் படத்தைக் கொன்றுவிடும். தகட்டை இளஞ்சூட்டில் வைத்து மையைப் பள்ளங்களுக்குள் அழுத்தி ஏற்றி, கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் சுண்ணக்கட்டிப் பொடி தொட்ட உள்ளங்கையால் இலேசாக நாலு தடவை. கை தகட்டோடு படுத்தே போக வேண்டும். விரலைக் குவித்தால் பள்ளத்து மையையும் வாரிக்கொண்டு வந்துவிடும். ஓரச் சரிவைத் தனியாகத் துடை.

பருத்தித் தாளை முதல் நாள் இரவே நனைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கனம் ஏற்றிவிடு. காலையில் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், ஆனால் மேலே நீர் மினுங்கக் கூடாது. மினுங்கினால் மை ஏறாது, காய்ந்திருந்தால் மெல்லிய கோடுகள் அறுந்து அறுந்து விழும். அறுந்த கோட்டைப் பார்த்ததும் உளியைக் கையில் எடுக்க விடாதே. தாளை மாற்றி இன்னொரு அச்சு எடுத்துப் பார்த்த பிறகே தகட்டைத் தொடட்டும்.

சுழல் தகடு செய்கிற பிள்ளையின் முதல் அச்சு உலர்ந்ததும் ஒரு பிரதி அனுப்பு, மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து. மூக்கு நுனியையும், கோடு விட்டுத் தொடர்ந்த இடங்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்